ஒன்றுசேராத எலும்பு: உயர் அழுத்த ஆக்சிஜனா, மஜ்ஜை ஸ்டெம் செல்லா?

கதிர்வீச்சால் ரத்தநாளம் வற்றிய தாடை எலும்பென்றால் உயர் அழுத்த ஆக்சிஜனை யோசிக்கலாம், ஆதாரம் இன்னும் இழுபறிதான் என்றாலும். மூடிய அழுத்த அறைக்குள் 2 முதல் 2.4 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பது, தலா 90 நிமிடமாக 30–40 அமர்வுகள். நுண்குழாய்கள் முளைக்கும், ஆனால் எலும்பாக்கும் செல்லே இல்லாத இடைவெளியை அது நிரப்பாது. காதுவலி சகஜம். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால், அதைச் சரிசெய்யாமல் அறைக்குள் போகவே கூடாது.

கூடாமல் நின்றுபோன முறிவுக்கு இடுப்பெலும்பு மஜ்ஜைச் செறிவு (உறிஞ்சிய மஜ்ஜையின் செல்களைச் செறிவாக்கி முறிவில் செலுத்துவது) பொருத்தம். காரியம் கெடுவது பெரும்பாலும் உறிஞ்சும்போதுதான்: ஒரே இடத்தில் 20 மில்லி இழுத்தால் சிரிஞ்சில் சேர்வது பெரும்பாலும் வெறும் ரத்தம். இடத்துக்கு 2–4 மில்லி எடுத்து ஊசியை நகர்த்த வேண்டும். மஜ்ஜையின் உட்கருச் செல்களில் எலும்பாகக்கூடிய ஸ்டெம் செல் 0.01 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. மையவிலக்கில் சுழற்றிச் செறிவாக்குவது அதனால்தான். முறிவு ஆடிக்கொண்டிருந்தாலோ சீழ் இருந்தாலோ, முதலில் அதைப் பாருங்கள், செல் அப்புறம்.