கோஷாக்கா, பி.வி.12-ஆ? கட்டப்படாத ஃபியூரி மோனோபிளேன்

1933-இல் பிரிட்டனின் ஹாக்கர் விமான நிறுவனத்தின் வடிவமைப்பாளர் சிட்னி காம் வரைந்த ஃபியூரி மோனோபிளேன் என்ற போர்விமானம் காகிதத்தோடு நின்றது. ஈரடுக்கு இறக்கை கொண்ட பழைய ஃபியூரியின் எஃகுக்குழாய்ச் சட்டம், ஒற்றை இறக்கை, உறையிட்ட மடங்காத சக்கரங்கள், நான்கு துப்பாக்கிகள், சுமார் 660 குதிரைத்திறன் தரும் ரோல்ஸ்-ராய்ஸ் கோஷாக் எஞ்சின்.

சிக்கல் கோஷாக்கில்தான். அதைக் குளிர்விக்க, அழுத்தத்தில் கொதிநிலையைத் தாண்டும் நீர் ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி நீராகத் திரும்ப வேண்டும். திரும்பும் நீரும் கொதிநிலையை ஒட்டியே இருக்கும். பம்பின் வாயில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலே அது ஆவியாகிவிடும், பம்பு நீரை இழுக்காது. இதே எஞ்சினோடு 1934-இல் பறந்த சூப்பர்மரீன் நிறுவனத்தின் 224 போர்விமானம் மேலே ஏறும்போதே சூடேறித் திணறியது. வேகமும் மணிக்கு 228 மைல்தான். ஃபியூரி மோனோபிளேனும் இதிலிருந்து தப்பியிருக்காது என்பதே என் கணிப்பு.

1934-இல் காம் ரோல்ஸ்-ராய்ஸின் புதிய பி.வி.12 எஞ்சினுக்கு மாறினார், பின்னாளில் மெர்லின் எஞ்சின் ஆனது அதுவே. கூடவே உள்மடங்கும் சக்கரங்கள் வந்தன. நீரைப் போல எளிதில் கொதிக்காத கிளைக்கால் திரவக் குளிர்ப்பு, வயிற்றடியில் ரேடியேட்டர். ஆவித் தொல்லையே இல்லை. தடித்த இறக்கையில் பிறகு எட்டுத் துப்பாக்கிகளும் அடங்கின. 1935 நவம்பர் 6 அன்று பறந்த இப்படி உருவான ஹரிக்கேன் போர்விமானம், சோதனையில் மணிக்கு 315 மைலைத் தொட்டது.