அண்ணனின் கழுத்து டிஸ்க்கும் மறுபரிசோதனை ஸ்கேனும்

இம்முறை ஊருக்கு வந்த விடுமுறையில் பெரும்பகுதி, கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குக்குப் பதிலாகச் செயற்கை டிஸ்க் பொருத்திக்கொண்ட என் அண்ணனை மறுபரிசோதனைகளுக்கு அழைத்துச் செல்வதிலேயே கழிந்தது. அறுவை சிகிச்சையின்போது நான் வெளிநாட்டில் இருந்ததால், அது குறித்துத் தொலைபேசியில் கேட்டவற்றை இப்போதுதான் நேரில் பார்த்து அறிந்தேன்.

முதல் தடங்கல் ஸ்கேன் மையத்தில் வந்தது. கழுத்தில் இருப்பது எந்த உலோகம், எந்தத் தயாரிப்பு என்று அங்கிருந்த ஊழியர் கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ‘செயற்கை டிஸ்க்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. விவரம் தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுக்க அவர் மறுத்தது முற்றிலும் சரியே. அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நெடுநேரம் காத்திருந்து, கருவியின் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கரின் நகலை வாங்கி வந்தோம். வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே நோயாளியின் கையில் இருக்க வேண்டிய தாள் அது.

உலோகத்தை அவர் கேட்டதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணமன்று என்பது படம் வந்தபின் விளங்கியது. அண்ணனுக்குப் பொருத்தியிருப்பது கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவை. எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும் என்று சொல்லியிருந்ததால் அவர் அசையாமல்தான் படுத்திருந்தார். ஆனாலும் ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு நடுவே கரும்புகை படிந்தாற்போல் அந்த உலோகத்தின் நிழல் விழுந்து, நாங்கள் பார்க்க விரும்பிய தண்டுவடப் பகுதியையே மறைத்திருந்தது. அமெரிக்காவில் 2007இல் அனுமதி பெற்ற தொடக்ககால டிஸ்க்குகளில் ஒன்று துருப்பிடிக்காத எஃகால் ஆனது. அதிலும் இதே சிக்கல் உண்டு. டைட்டானியத்தில் நிழல் குறைவு. பின்னாளில் தண்டுவடத்தைப் படம் பிடித்துப் பார்க்க நேரலாம் என்பதையும் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

மருத்துவர் பழைய படத்தையும் அருகில் வைத்து விளக்கினார். டி2 என்ற எம்.ஆர்.ஐ. வகைப் படத்தில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் வெள்ளைக் கோடாகத் தெரியும். அண்ணனின் பழைய படத்தில் அந்தக் கோடு பிதுங்கிய டிஸ்க்கிற்கு எதிரே அறுந்துபோய், தண்டுவடத்தின் உள்ளேயே ஒரு வெண்புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளி வீக்கமாக இருந்தால் ஓரளவு மறையக்கூடும். திசு நிலையாகச் சிதைந்திருந்தால் அறுவை சிகிச்சையால் அதை மீட்க இயலாது. வெறும் நரம்பு வேர் அழுத்தத்தால் வரும் கைவலியையும் தண்டுவடமே நசுங்குவதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்று அவர் அழுத்திச் சொன்னார்.

பலனும் அப்படியே பிரிந்து நிற்கிறது. தோளிலிருந்து விரல்வரை இறங்கிய வலி, அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே விட்டுவிட்டது. சட்டைப் பொத்தான் போடும் கைத்திறன் திரும்பப் பல மாதங்கள் பிடித்தன. இரண்டு விரல்களில் மரமரப்பு இன்னும் இருக்கிறது. மருத்துவர் அவருடைய நடுவிரல் நகத்தைச் சுண்டியபோது பெருவிரல் தானாக மடங்கியதை நானே பார்த்தேன். தண்டுவடப் பாதிப்பின் அடையாளம் அது.

கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுத்த எக்ஸ்ரேயில் செயற்கை டிஸ்க் நன்றாக அசைந்தது எனக்குப் பெரிய ஆறுதல். எலும்புகளை இணைத்துவிடும் பழைய முறைக்குப் பதிலாக இதைத் தேர்ந்தெடுப்பதே, அசைவைக் காத்து மேலும் கீழுமுள்ள டிஸ்க்குகளின் சுமையைக் குறைக்கலாம் என்பதற்காகத்தான். ஆயினும் சிலருக்குக் கருவியைச் சுற்றி எலும்பு வளர்ந்து அந்த அசைவை முடக்கிவிடுகிறது. அண்ணனுக்கும் ஓரத்தில் சிறிது வளர்ந்திருக்கிறது. அடுத்த ஆண்டும் இதே எக்ஸ்ரேயை எடுத்து ஒப்பிட வேண்டும், அதற்குள் நடை தடுமாறினாலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ நாள் கடத்தாமல் வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.