விந்தணு பரிசோதனை: வீட்டு கிட்டா, பக்கத்து லேபா, ஆண்ட்ராலஜி லேபா?

குழந்தை தாமதமானால், மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன், டியூப் டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் கணவரின் விந்தணு பரிசோதனை பற்றிய பேச்சே எழுகிறது. முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டிய டெஸ்ட் அது. ஊசி இல்லை, வலி இல்லை. எங்கே செய்வது என்பதில்தான் குழப்பம்.

ஆன்லைனில் கிடைக்கும் கிட்டை முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலான கிட்கள் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்கு மேலா, கீழா? ஸ்பெர்ம்செக் கிட்டில் அந்த அளவு மில்லிலிட்டருக்கு 2 கோடி. செல்போனில் பொருத்தி அசைவைக் காட்டுபவையும் உண்டு. ஆனால் அணுக்களின் வடிவம் எப்படி, கிருமித்தொற்று அறிகுறி உண்டா என்பதெல்லாம் தெரியாது. லேபுக்குப் போகவே கூச்சப்படும் ஒருவரை அசைத்துக் கிளப்ப இது உதவலாம். நல்ல கோடு வந்துவிட்டது என்று ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அடுத்து, சர்க்கரை, தைராய்டு என எல்லாம் பார்க்கும் பக்கத்து லேப். விலை குறைவு, அன்றைக்கே ரிப்போர்ட். சில லேப்கள் நன்றாகவே செய்கின்றன. நல்ல லேபா என்று கண்டுபிடிக்க ரிப்போர்ட்டில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மார்பாலஜி, அதாவது அணுக்களின் வடிவம். '70 சதவீதம் நார்மல்' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். இப்போதைய கறாரான அளவுகோலில் 4 சதவீதம் சரியான வடிவத்தில் இருந்தாலே போதும். குழந்தை பெற்ற ஆண்களுக்கே 70 எல்லாம் வராது. மற்றொன்று, நேரம். மாதிரி எடுத்த நேரமும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நேரமும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் அசைவு தானாகக் குறையும். அந்தக் குறை உங்கள் பெயரில் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

ஆண்ட்ராலஜி லேப் என்பது பெரும்பாலும் கருத்தரிப்பு மையங்களில் இருப்பது. தினமும் இதே வேலையைச் செய்பவர்கள். குறைந்தது 200 அணுக்களை எண்ணி, இன்னொரு முறையும் எண்ணிச் சரிபார்ப்பதுதான் முறை. பணம் கூடுதலாகும். ஆனாலும் என் தேர்வு இதுதான், முதல் தடவையிலிருந்தே. தவறான ரிப்போர்ட்டை நம்பி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதைவிட இது மலிவு.

வீட்டில் எடுத்துப் போவதா, அங்கேயே எடுப்பதா? அங்கேயே எடுப்பது நல்லது. பதற்றத்தில் முடியவில்லை என்றால் வீட்டில் எடுத்து, டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். சாதாரண ஆணுறையும் வழுவழுப்பு ஜெல்லும் கூடாது. டெஸ்டுக்கு முன் விந்து வெளியேறாத இடைவெளி 2 முதல் 7 நாள். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்பின்படி கீழ் எல்லை: விந்தின் அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, அசைபவை மொத்த அணுக்களில் 42 சதவீதம், முன்னேறிச் செல்பவை மொத்தத்தில் 30 சதவீதம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசைப்படுத்தி, கடைசி 5 சதவீதத்துக்குக் கோடு போட்டது இது. கோட்டுக்குக் கீழே இருந்த அந்த ஆண்களும் அப்பா ஆனவர்கள்தான்! மில்லிக்கு 2 கோடி என்ற பழைய எல்லையை இன்னும் அச்சிடும் லேபில், இதே 1.6 கோடி 'குறைவு' என்று சிவப்பில் வரும்.

'கவுண்ட்' ஒன்றை மட்டும் பார்ப்பதும் தப்பு. ஒருவருக்கு மில்லிக்கு 2.5 கோடி, அளவு 1.5 மில்லி, அசைவு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் ஓடும் அணுக்கள் 75 லட்சம். இன்னொருவருக்கு மில்லிக்கு 1.4 கோடிதான், ஆனால் 4 மில்லி, அசைவு 50 சதவீதம். கணக்கு 2.8 கோடி. 'கவுண்ட் கம்மி' என்று உடைந்துபோகிறவர் இரண்டாமவர். நிலைமை மேலாக இருப்பதும் அவருக்குத்தான்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஐயுஐ (விந்தணுவைக் கருப்பையில் செலுத்துவது), ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என்று முடிவு செய்யாதீர்கள். அணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகும். இரண்டு மாதம் முன்பு வந்த காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைக்கும். அதனால் மறு டெஸ்டுக்கு மூன்று மாதம் விடுவது வழக்கம். அணுவே இல்லை என்று வந்தால் மட்டும் அவ்வளவு நாள் வேண்டாம். சீக்கிரமே இன்னொரு மாதிரி கொடுத்து, அதை இயந்திரத்தில் சுழற்றி அடியில் தங்குவதையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஆண்ட்ராலஜி மருத்துவரையும் பாருங்கள். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது அணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால், உங்கள் மறு டெஸ்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே அவருக்கான பரிசோதனைகளையும் முடித்துவிடுங்கள்.