ஆட்டோரிமூவா, சினாப்டிக்கா, டெப்ஃபாஸ்டரா? மின்ட்டில் வேண்டாத பேக்கேஜ்களை நீக்கும் வழிகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள் வரும் டியூஷன் நிலையங்கள், கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்புகள். மெஷின்களில் 64 ஜிபிக்கு மேல் இடம் இருப்பது அபூர்வம். கொஞ்ச நாளில் "அண்ணே, இடம் இல்லைன்னு சொல்லுது, எதை அழிக்கிறது?" என்று வாட்ஸ்அப் வரும். ஆளுக்கொரு கருவியைப் பரிந்துரைப்பார்கள். எந்தப் பேக்கேஜ் (மின்ட்டில் நிறுவப்படும் மென்பொருள் கட்டு) வேண்டாதது என்று முடிவு செய்வதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல் எதையும் ஓடவிடக் கூடாது.

மின்ட்டில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் செய்வது ஏபிடி என்ற கருவி. அதன் ஆட்டோரிமூவ் கட்டளையின் கணக்கு எளிது. நீங்கள் ஒரு மென்பொருளைக் கேட்டு நிறுவும்போது அதற்குத் துணையாக வரும் லைப்ரரிகளை (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகளை) ஏபிடி ‘தானாக வந்தவை’ என்று குறித்து வைக்கும். கேட்ட மென்பொருள் போய், வேறு யாருக்கும் அந்தத் துணை தேவைப்படாவிட்டால் நீக்கப் பட்டியலில் சேர்க்கும். பழைய கெர்னல்களும் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) இதில்தான் போகும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் கை வைக்காது. ஒரு கெர்னலும் அதன் மாட்யூல்களும் சில நூறு எம்பி பிடிக்கும் என்பதால், சின்ன டிஸ்க்கில் ஆட்டோரிமூவ் தரும் லாபத்தில் பெரும்பங்கு இதுதான்.

நீங்களே கேட்டு நிறுவியதை அது ஒருநாளும் தொடாது. ஒரு வருடமாக யாருமே திறக்காத விளையாட்டு என்றாலும் அப்படியே கிடக்கும். இன்னொரு பக்கம், ஏபிடிக்குத் தெரியாமல் வந்த மென்பொருளை அது கணக்கில் எடுக்காது. ஆப்இமேஜ் கோப்பாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பாக) ஒரு வரைபட மென்பொருளை இறக்கி வைத்திருக்கிறீர்கள். அது ஓட லிப்ஃபியூஸ்2 வேண்டும். அந்த லைப்ரரி வேறொரு பேக்கேஜோடு தானாக வந்ததாக இருந்தால், அந்தப் பேக்கேஜ் போகும் அன்று இதுவும் பட்டியலில் ஏறும். அப்புறம் ஆப்இமேஜைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. ஏபிடி-மார்க் மேனுவல் என்று அந்தப் பெயருக்கு ஒருமுறை குறி போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

டெபார்ஃபன் என்ற பழைய கருவியைச் சிலர் இன்னும் விடாமல் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். தானாக வந்ததா, கேட்டு நிறுவியதா என்பதை அது பார்ப்பதே இல்லை. லைப்ரரி வகையில் யாரும் சார்ந்திராத பேக்கேஜ் எதுவோ, அது அதன் கண்ணுக்கு அநாதை. மேலே சொன்ன லிப்ஃபியூஸ்2-ஐ நீங்களே கேட்டு நிறுவியிருந்தாலும் பட்டியலில் போடும். ஏபிடியிடம் தானியங்கிக் குறி இல்லாத காலத்துக்கு அது நல்ல கருவி. மின்ட்டுக்கு மூலமான டெபியன் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள்.

டெப்ஃபாஸ்டர் வேறு மாதிரி. ஒவ்வொரு பேக்கேஜாகக் காட்டி, "இது இன்னின்ன பேக்கேஜ்களைத் தாங்கி நிற்கிறது, வைத்துக்கொள்ளவா?" என்று கேட்கும். பதிலை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை புதிதாக வந்ததை மட்டும் கேட்கும். தன் சொந்த மெஷினை அங்குலம் அங்குலமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மின்ட் மாதிரி முழு டெஸ்க்டாப்பில் முதல் முறை அது கேட்கும் கேள்விகளுக்கு முடிவே இருக்காது. பாதியில் சலித்துப்போய் இல்லை, இல்லை என்று தட்டத் தொடங்கினால் வம்பு. பொது மெஷினுக்கு ஆகாது.

டியூஷன் டீச்சருக்கு நான் சொல்வது சினாப்டிக். மின்ட்டோடு வருவது, கட்டளை எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இடப்பக்கம் நிலை என்ற பொத்தானை அழுத்தினால், தானாக நீக்கத்தக்கவை ஒரு பிரிவில், நீக்கியும் அமைப்புக் கோப்பு எஞ்சியவை இன்னொரு பிரிவில் நிற்கும். அளவு வாரியாக வரிசைப்படுத்தலாம். எதற்குக் குறி போட்டாலும் கூடவே என்னென்ன போகும் என்று முதலில் காட்டிவிட்டுத்தான் கை வைக்கும். வரலாறு பகுதியில் எந்தத் தேதியில் சினாப்டிக் வழியாக எது போனது என்றும் பார்க்கலாம். பலர் கை படும் மெஷினில் இது பெரிய உதவி. (அமைப்புக் கோப்பு மிச்சங்களைத் துடைப்பதில் மனநிறைவு உண்டு, இடம் கிடைக்காது. அவை அவ்வளவு சிறியவை.)

சினாப்டிக்கில் ஆபத்து பெயர்களில் இருக்கிறது. ஒலிப்பு முறையில் தமிழ் தட்டச்ச நான் போட்டுக் கொடுப்பது ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜ். பெயரிலும் தமிழ் இல்லை, அதன் ஒரு வரி விளக்கத்திலும் தமிழ் இல்லை. புரியாத பெயராக இருக்கிறதே என்று அதற்குக் குறி போட்டால் தமிழ் விசைப்பலகை போய்விடும். எம்17என்-டிபி உட்பட அதன் துணைகளும் அடுத்த ஆட்டோரிமூவில் கிளம்பும். பெயர் புரியாவிட்டால் தொடாதீர்கள் என்பதைத்தான் டீச்சருக்கு எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன்.

உண்மையில் பயன்படுத்துகிறோமா என்பதைப் பார்க்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து உண்டு: பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் பேக்கேஜில் வரும் பாப்கான்-லார்ஜெஸ்ட்-அன்யூஸ்ட். கோப்பு கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்ற நேரத்தை வைத்து, தொடாமல் கிடக்கும் பேக்கேஜ்களை அளவோடு காட்டும். டிஸ்க்கை நோஏடைம் அமைப்பில் (அந்த நேரத்தைப் பதியாத அமைப்பில்) ஏற்றியிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. நீக்கும் வேலையை அது செய்யாது, பட்டியல் மட்டும்தான். அதுவே நல்லது.

பிளீச்பிட் இந்தப் போட்டியிலேயே இல்லை. உலாவிக் குப்பை, தற்காலிகக் கோப்பு இவற்றுக்கு அது சரி. பேக்கேஜ்களைத் தேர்ந்தெடுத்து நீக்க அது உதவாது. ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓட்டி எல்லாப் பெட்டியிலும் டிக் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்தும் சில நூறு எம்பிதான் மிஞ்சியது என்றால், தேடும் இடம் தவறு. முதலில், கணினி அமைப்பை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டைத் திறந்து பாருங்கள். எக்ஸ்ட்4 (மின்ட்டின் வழக்கமான கோப்பு முறை) டிஸ்க்கில் அது எடுக்கும் முதல் ஸ்னாப்ஷாட் கணினி அமைப்பின் முழு நகல். அதே டிஸ்க்கில் வைத்தால் பல ஜிபி அங்கேயே போய்விடும். அடுத்தது ஃபிளாட்பேக், ஏபிடிக்கு வெளியே செயலிகளை நிறுவும் வேறொரு முறை. ஒரு சின்ன செயலிக்காக வந்த ரன்டைம் (அது ஓடத் தேவையான துணைத் தொகுப்பு), செயலி போன பிறகும் தங்கியிருக்கும். ஏபிடிக்கு இது கண்ணில் படாது. ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் என்பதோடு இரண்டு கோடு போட்டு அன்யூஸ்ட் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் ஹாட்ஸ்பாட் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இடத்தில், அதே ரன்டைமை நாளை மறுபடி இறக்க நேருமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு அடியுங்கள்.

நான் கொடுக்கும் மெஷின்களில் அப்டேட் மேனேஜரின் தானியங்கிப் பகுதியில் பழைய கெர்னல்களையும் துணைகளையும் நீக்கும் தேர்வை முடுக்கிவிடுகிறேன். டைம்ஷிஃப்டுக்கு இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு. சினாப்டிக் டீச்சரின் கணக்குக்கு. மாணவர் கணக்குக்கு சூடோ (நிர்வாகி) அனுமதி கிடையாது. படிவம் நான்கு பையன்கள் எவ்வளவு கெஞ்சினாலும்.