அனுப்பானடிக்கு உரிய இடம்: 2018 முதல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுடன்

சென்ற வாரம் சர்வரின் இயங்குதளமான உபுண்டுவின் பதிப்பை மாற்றிவிட்டு, கடை அடைத்த பிறகு தரவை விரைந்து தேட உதவும் இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது, திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர் மைஎஸ்க்யூஎல் நல்லதா, போஸ்ட்கிரெஸ் நல்லதா என்று கேட்டார். இரண்டும் கணக்கு வழக்குகளைச் சேமித்துத் தேடித்தரும் திறமூலத் தரவுத்தள மென்பொருள்களே; போஸ்ட்கிரெஸ் என்பது போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் சுருக்கம். போஸ்ட்கிரெஸ் 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது, இன்றுவரை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. 1995இல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல் 2010இல் ஆரக்கிளின் கைக்குப் போனது.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையின் கணக்கை 2018 முதல் போஸ்ட்கிரெஸில் வைத்திருக்கிறேன். பில் போடும்போது பாதியில் மின்சாரம் போன நாள்கள் பல. சரக்கு குறைந்து பாக்கி ஏறாமல் போனது ஒரு முறைகூட இல்லை. முழுதாகப் பதியும், இல்லையேல் பதியவே பதியாது.

என்னை வாட்டியது ஊர்ப் பெயர்களின் வரிசை. தொடக்கத்தில் நான் அமைத்த ‘சி’ கொலேஷன், அதாவது வரிசை விதி, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்ணை மட்டுமே பார்க்கும். அந்த எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே நிற்பதால், பாக்கிப் பட்டியலில் அனுப்பானடி, அலங்காநல்லூர், அழகர்கோவில், அவனியாபுரம் என்று அச்சாகும். வசூலுக்குப் போகும் பெரியவர் ல, வ, ழ, ள, ற, ன என்று பள்ளியில் படித்த வரிசையிலேயே தாளில் விரலை ஓட்டுவார். அனுப்பானடியைக் கடைசியில் தேடிக் காணாமல், "தம்பி, ஒரு ஊரை விட்டுட்டீங்களே" என்று திரும்பி வந்தார்.

2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து, பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஐசியு என்ற தனி மென்பொருள் நூலகத்தின் தமிழ்க் கொலேஷனைப் பயன்படுத்த முடியும் என்று பிறகுதான் அறிந்தேன். ஊர்ப் பெயர் இருக்கும் அந்த ஒரு நெடுவரிசையில் அதை அமைத்ததும் அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில், அனுப்பானடி என்று தாள் வந்தது. தமிழின் வரிசையை அறிந்த ஒரு மென்பொருளைக் கண்ட அந்த மகிழ்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் அந்த அறிவு இரவல் அறிவு. உபுண்டு மாறும்போது ஐசியுவின் பதிப்பும் மாறுகிறது. கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வருகிறது. இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டாவிட்டால் இருக்கிற வாடிக்கையாளரையே இல்லை என்று சொல்லிவிடக்கூடும். முன்கூட்டியே எச்சரிப்பது நேர்மைதான், மறுக்கவில்லை. எனினும் 2024இல் போஸ்ட்கிரெஸின் 17ஆம் பதிப்பு தனக்கென்று உள்ளமைந்த கொலேஷன்களைக் கொண்டுவருகிறது என்று கேள்விப்பட்டு ஆவலோடு திறந்து பார்த்தால், அதிலும் அதே யூனிகோடு எண்வரிசைதான்! இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவனுக்கு அது உண்மையிலேயே வலித்தது.

நண்பருக்கு மைஎஸ்க்யூஎல் என்றே சொன்னேன். அது தன் வரிசை விதிகளைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது, உபுண்டு மாறினாலும் அவை மாறுவதில்லை. உரக்கடையில் இரவு உட்கார்ந்து இன்டெக்ஸ் கட்ட ஆளும் இல்லை. கீழமாசி வீதிக் கடையில் மட்டும் போஸ்ட்கிரெஸை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.