பறவைக் குரலைப் பதிவு செய்ய: கைபேசியா, தனிக் கருவியா, மரத்தில் கட்டும் பெட்டியா?

மதுரையைச் சுற்றியுள்ள அரிட்டாபட்டி, அழகர்மலை, சிறுமலை என்று பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் குரலைப் பதிவு செய்ய எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் நீள்குழல் மைக்கும் வாங்கி வைத்திருப்பவன் நான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கைபேசிக்கு அதிகம் வக்காலத்து தேவையில்லை. ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம். இந்தியப் பறவைகளின் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத மலையடிவாரத்திலும் வேலை செய்யும். கேட்ட ஒலியைப் படமாக விரித்து, அதன் வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். செம்போத்து, குக்குறுவான், செங்குதச் சின்னான் போன்ற அன்றாடப் பறவைகளுக்கு இதுவே தாராளம்.

அரிய பறவை என்று வரும்போதுதான் இடிக்கிறது. பிறர் பதிந்து வைத்த குரல்களைக் கொண்டுதான் செயலி கற்றுக்கொள்கிறது. அரிய பறவைக்குப் பதிவுகளே குறைவு. எங்கே உதவி அதிகம் வேண்டுமோ அங்கேதான் அதன் அறிவும் மெலிந்திருக்கிறது. போதாக்குறைக்குக் கரிச்சான் வேறு இருக்கிறது. வைரி என்ற சிறு வேட்டைப் பறவையைப் போல அச்சு அசலாகக் கத்தும். செயலி வைரி என்று எழுதிவிட்டால் அதைக் குறை சொல்ல முடியாது. மற்ற பறவைகளே ஏமாறுகின்றன.

எனக்கு முடிவைத் தந்தது வேறு ஒரு கேள்வி. நாளை ஒருவர் சந்தேகப்பட்டால் இந்தப் பதிவு நிற்குமா? பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் ஒரு பகுதிக்கு வழக்கமில்லாத பறவையைப் பதிந்தால், சரிபார்க்கும் தன்னார்வலர் சான்று கேட்பார். “மெர்லின் சொன்னது” என்பது சான்றாகாது. அவர் காதால் கேட்டும், படமாக விரித்துப் பார்த்தும் ஒப்புக்கொள்ளக்கூடிய குரல் வேண்டும்.

மஞ்சள் தொண்டைச் சின்னானை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுப் புதர்க்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனம். கிரானைட் குவாரிகள் அதன் வாழிடத்தை எப்படி அரிக்கின்றன என்பதை மேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் குரலோ, நம் புதர்களில் தாராளமாக இருக்கும் வெண்புருவச் சின்னானின் குரலை மிகவும் ஒத்தது. இரண்டுமே புதருக்குள் இருந்தபடி கடகடவென்று கொட்டிவிட்டு அடங்கிவிடும். இந்த இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் குரலின் ஒவ்வொரு துணுக்கும் தெளிவாக விழ வேண்டும்.

கைபேசி மைக் எல்லாத் திசையையும் ஒன்றாக விழுங்குகிறது. பறவையோடு சாலை லாரி, பம்புசெட், பனை ஓலை, ஊர்த் திருவிழா ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து வருகின்றன. படமாக விரித்தால் சாம்பல் பூசிய திட்டுக்குள் குரலைத் தேட வேண்டியிருக்கும். மெர்லின் தன் பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாகவே சேமிக்கிறது. ஆகவே குறை கோப்பில் இல்லை, மைக்கில் இருக்கிறது. நீள்குழல் மைக் பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைத்து, நீட்டிய திசையில் உள்ளதை முன்னிறுத்தும். அதே புதர், அதே தூரம், ஆனால் படத்தில் குரலின் கோடுகள் தனித்தனியாக நிற்கின்றன. பறவைக்கு உள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும் என்பதால், நெருங்கிப் போக முடிகிற இடத்தில் கைபேசியும் சமாளித்துவிடும். செங்குத்துப் பாறையில் யாரால் நெருங்க முடிகிறது?

இதற்கு உழைப்பும் உண்டு. ஆடிக் காற்றில் ரோம உறை மாட்டாத மைக்கால் பயனில்லை. விரல் சற்று நகர்ந்தாலும் கரகரவென்று பதிவாகும். பிடியை மாற்றாமல் நிற்கப் பழக வேண்டும். கருவியின் அளவுமானியில் பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி சிதையும் என்பதால், உச்ச அளவு கழித்தல் 12 டெசிபல் வாக்கில் நிற்கும்படி வைத்துக்கொள்கிறேன். எம்பி3 வேண்டாம், அது கோப்பைச் சுருக்கும்போது முதலில் பலியாவது மெல்லிய ஒலிகள்தான். பதிவின் கடைசியில் இடம், தேதி, நேரம், பறவையைக் கண்ணால் பார்த்தேனா இல்லையா என்பதை வாயால் சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் இல்லை. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துப் பிடிக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த வசதி என்று நான் நினைப்பது அது ஒன்றைத்தான்.

மரத்தில் கட்டிவிட்டு வந்தால் தானாகவே பதியும் ஆடியோமாத் போன்ற பெட்டியில் என் அனுபவம் குறைவு. நண்பரிடம் இரவல் வாங்கித் தோப்பில் கட்டிப் பார்த்ததோடு சரி. மூன்று பென்சில் பேட்டரி, ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். இரவுப் பறவைகளுக்கு இதுதான் மேல் என்று தோன்றுகிறது. இரவில் பூச்சி பிடிக்கும் பக்கிகளைப் பாருங்கள்: உருவத்தில் எல்லாம் காய்ந்த சருகு நிறம், பிரித்தறிவது குரலால்தான். இந்தியப் பக்கியின் குரல் பந்து துள்ளித் துள்ளி அடங்குவதுபோல வேகமெடுத்து முடியும். சவான்னா பக்கி ஒற்றைக் கீச்சாக வெட்டும். இதற்காக விடிய விடிய நாம் உட்கார வேண்டியதில்லை. ஆனால் நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் 12 மணி நேரம் ஓடினால் சுமார் 4 ஜிபி சேரும். அதை யார் உட்கார்ந்து கேட்பது? காப்புக்காட்டில் கட்ட வனத்துறை அனுமதி வேண்டும். அழகர்மலைக் குரங்குகள் அனுமதி கேட்காமலேயே கழற்றிப் பார்க்கும்.

கருவியைப் பழையதாக வாங்குவதென்றால், விற்பவர் வீட்டிலேயே மின்விசிறியை நிறுத்தி, ஒலி அளவை முழுதும் ஏற்றி, ஒரு நிமிடம் வெறுமனே பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். “ஸ்ஸ்” என்ற இரைச்சல் தூக்கலாக இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். மைக் இணைப்புத் துளையையும் ஆட்டிப் பாருங்கள். இந்தக் கருவிகளில் முதலில் தளர்வது அதுதான்.