கணக்கிட்டதா, அளந்ததா: வீட்டு ஆற்றல் சான்றிதழ்களின் இரு வழிகள்

ஒரு வீட்டின் ஆற்றல் சான்றிதழைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டையும் அதில் அந்த வீட்டுக்குக் கிடைத்த எழுத்தும்தான். ஆனால் அந்த எழுத்து எந்த வழியில் பெறப்பட்டது என்பதே முதலில் பார்க்கவேண்டியது. சுவர், கூரை, சன்னல், வெப்பமூட்டும் கருவி ஆகியவற்றின் விவரங்களைக்கொண்டு வீட்டுக்கு எவ்வளவு ஆற்றல் தேவை எனக் கணக்கிடுவது ஒரு வழி. குடியிருந்தவர்கள் உண்மையில் செலவிட்ட ஆற்றலை அளந்து சொல்வது மற்றொன்று. ஜெர்மனியில் தேவைச் சான்றிதழ், நுகர்வுச் சான்றிதழ் என இரண்டுமே சட்டப்படி செல்லும். இரண்டும் 10 ஆண்டுகள் செல்லுபடியாகும். இரண்டும் ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோவாட் மணி என்றே பேசும். 250 கிலோவாட் மணியைத் தாண்டும் வீடு, ஏ பிளஸ் முதல் எச் வரையிலான வரிசையில் கடைசி இடத்துக்குப் போகும்.

நுகர்வுச் சான்றிதழ் எளிதானது, செலவும் குறைவு. தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளின் பயன்பாட்டை எடுத்து, குளிர் கூடிய ஆண்டுக்கும் குறைந்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்து, வீடு பூட்டிக்கிடந்த காலத்தையும் கணக்கில் கொண்டு எண்ணைத் தருகிறார்கள். இத்தனை திருத்தங்களுக்குப் பிறகும் குடியிருந்தவர்களின் பழக்கம் அந்த எண்ணில் தங்கிவிடுகிறது. பகல் முழுவதும் வெளியே இருந்து, மாலையில் ஒரே அறையைச் சூடாக்கிக்கொண்ட தம்பதியின் ஓட்டை வீடு, நன்றாகக் கட்டப்பட்ட வீட்டைப் போலவே தோன்றக்கூடும்.

தேவைச் சான்றிதழ் ஆளைப் பார்ப்பதில்லை, கட்டடத்தை மட்டுமே பார்க்கிறது. இதன் பலம் அதுதான்; ஆனால் உள்ளே போகும் விவரங்கள் எவ்வளவு துல்லியமோ அவ்வளவே முடிவும் துல்லியமாக இருக்கும். கூரைக்கடியில் ஏறி வெப்பக்காப்புப் படலத்தின் தடிமனை அளந்து எழுதும் மதிப்பீட்டாளரும் உண்டு. சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஆவணம் இல்லாததால், கட்டப்பட்ட ஆண்டை வைத்து வழக்கமான மதிப்பைப் போட்டுக்கொள்பவரும் உண்டு. காற்றுக்கசிவுச் சோதனை நடந்த வீடு என்றால் என் நம்பிக்கை பெரிதும் கூடும். வாசற்கதவின் சட்டத்தில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கும்போது, சன்னல் ஓரத்திலும் மின்செருகிக்கருகிலும் புறங்கையை வைத்தாலே காற்று புகும் இடம் தெரிந்துவிடும்.

இரு வழிகளுக்கும் இடையிலான இடைவெளி சிறியதல்ல. ஜெர்மானிய வீடுகளைப் பற்றி 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, உண்மையான வெப்பப் பயன்பாடு கணக்கிட்ட அளவைவிடச் சராசரியாக 30 விழுக்காடு குறைவாக இருந்ததைக் காட்டியது. வீடு மோசமாக மோசமாக அதில் வாழ்வோர் சிக்கனத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஐந்துக்கும் குறைவான குடியிருப்புகள் கொண்ட, 1977 நவம்பருக்கு முன் அனுமதிக்கு விண்ணப்பித்து, அவ்வாண்டின் வெப்பக்காப்பு விதியின் தரத்துக்கு உயர்த்தப்படாத கட்டடங்களுக்குத் தேவைச் சான்றிதழே கட்டாயம் என்று அங்குள்ள சட்டம் வைத்திருப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பல வீடுகள் கொண்ட கட்டடத்தில் ஒருவரின் பழக்கத்தை இன்னொருவரின் பழக்கம் ஈடுகட்டிவிடும். தனி வீட்டில் அதற்கு வழியில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறியும் இருக்கிறது. அந்தச் சதுர மீட்டர் நாம் புழங்கும் தரைப்பரப்பு அல்ல. நுகர்வுச் சான்றிதழில் வாழும் பரப்பை 1.2 ஆல், வெப்பமூட்டப்பட்ட நிலவறை உள்ள சிறிய வீடுகளில் 1.35 ஆல் பெருக்கிய பரப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சான்றிதழின் எண்ணை வீட்டின் தரைப்பரப்பால் பெருக்கிச் செலவை எதிர்பார்த்தால் கணக்கு குறைவாகவே வரும். விளக்கு, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் மின்சாரமும் அதில் சேராது.

பிற நாடுகளின் சான்றிதழ்களைப் படிக்கும்போது எண்ணின் திசையையும் கவனிக்கவேண்டும். இங்கிலாந்தின் கணக்கீடு எரிசக்திச் செலவை அடிப்படையாகக்கொண்டு எழுந்தது. அங்கே மதிப்பெண் கூடினால் நல்லது, 55 முதல் 68 வரை டி வகுப்பு. அமெரிக்காவின் ஹெர்ஸ் குறியீட்டில் எண் குறைந்தால் நல்லது, பூச்சியம் என்றால் ஆண்டுக் கணக்கில் தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே ஈட்டும் வீடு. பழைய வீடுகளுக்குக் கட்டண ரசீதுகளைக்கொண்டு தரமிடும் முறையை பிரான்ஸ் 2021இல் கைவிட்டு, கணக்கீட்டுக்கு மாறியது.

வாங்கப்போகிறவருக்கு நான் சொல்வது, தேவைச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள் என்பதே. கணக்கு 220 என்றும் பரப்பைச் சரிசெய்த பயன்பாடு 140 என்றும் இருந்தால், எத்தனை பேர் இருந்தார்கள், எந்தெந்த அறைகளைச் சூடாக்கினார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை வராதவரை 220ஐ வைத்தே உங்கள் செலவைத் திட்டமிடுங்கள்.